எது விறைச்சுப் போச்சு?

பனிக்கு டிஷ் நல்லதா, கேபிள் நல்லதா? மார்கழி பிறந்துவிட்டால் ரெலிபோனில் வருகிற எல்லாரும் உங்களிடம் இதைத்தான் கேட்கப்போகிறார்கள். முறைப்பாடு கேட்டு எழுதுகிற பழுது மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதித் தாங்கக்கா என்று செந்தில் கேட்டபோது, இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். நாலு வரியில் நிற்பாட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு பக்கமும் இருந்தவள். முதலில் ஒரு கேபிள் கம்பனியின் பழுது மேசையில் ஒன்பது வருடம். பிறகு லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில், மரக்கறிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த நம்முடைய இந்தச் சின்னக் கம்பனியில், ஓய்வு பெறும்வரை. தமிழ்ச் சனத்தின் வீடுகளுக்கு டிஷ் பூட்டிக் கொடுப்பதுதான் அப்போது எங்கள் வேலை. பூட்டுகிறவர்கள் ஏணியில் நின்றார்கள். நான் ரெலிபோனோடு இருந்தேன்.

கேபிள் மண்ணுக்குள் கிடக்கிறது, பனி அதை ஒன்றும் செய்யாது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். சும்மா கதை. கடும் குளிரில் உள்ளே இருக்கிற கம்பி சுருங்கும். சுருங்கினால் தெருவோரப் பெட்டிக்குள் மூட்டிலிருந்து கழன்றுவிடும். அப்போது தெரு முழுக்கப் படம் இல்லாமல் போகும். ஆனால் மேசையில் இருக்கிறவளுக்கு அது சுகமான பழுது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் ரெலிபோன் எடுத்து ஏசுவார்கள். ஏசுகிற நாற்பது பேருமே எங்கே கோளாறு என்று சேர்ந்து காட்டித் தந்துவிடுவார்கள். எந்தப் பெட்டி என்று பார்த்து ஆளை அனுப்பினால் முடிந்தது.

டிஷ் அப்படி இல்லை. ஈரப் பனி வந்து தட்டில் ஒட்டினால் இந்த வீட்டில் படம் இல்லாமல் போகும், பக்கத்து வீட்டில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைப் பொறுத்தது. எடுக்கிறவர் தனி ஆள். அவர் சொல்வதை ஓம் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. அவருடைய குரலை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் கேட்டால் சொல்லுங்கள்: பனியில் இரண்டும் போகும். கேபிள் ஊரோடு போகும், டிஷ் தனியாகப் போகும்.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன். என் கெட்டித்தனங்களைச் செந்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பான். இதை அவன் சொல்லியிருக்க மாட்டான், நல்ல பிள்ளை.

செந்தில் இன்று உங்களுக்கு மனேஜர். அன்று எங்கள் ஏணிக்காரன். மதுரையிலிருந்து எஞ்சினியரிங் படிக்க வந்து, படித்து முடித்துவிட்டுக் கூரைகளில் ஏறிக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் தமிழ்ச் சண்டை ஓயாது. நான் ஓம் என்றால் அவன் ஆமா என்பான். நான் முறைப்பாட்டுப் புத்தகத்தில் டிவியை ரீவி என்று எழுதினால், "ஏதோ ஆளு பேரு மாதிரி இருக்குக்கா, யாரு அந்த ரீவி?" என்பான். "உமக்குத் தமிழ் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?" என்பேன். 

டிஷ் பூட்டி முடித்ததும் எங்கள் இலக்கம் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு வருவான். அதுதான் வினை. தமிழில் பதில் சொல்கிற ரெலிபோன் இலக்கம் இந்த லண்டனில் ஒருவருக்கு எத்தனை இருக்கும்? பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தாலும் எனக்குத்தான் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் தவணை மாற்ற வேண்டுமானாலும் எனக்குத்தான். "இது ரீவிக் கம்பனி, அரசாங்கக் கச்சேரி இல்லை" என்று ஏசிக்கொண்டே எல்லாவற்றையும் செய்து கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்குப் போனால் என்னோடு கதைக்க ஒரு சீவன் இல்லை.

அப்படி எடுக்கிறவர்களில் ஒருவர் லூயிஷாம் ஐயா. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கனடாவில். எங்கள் அலுவலகத்திலிருந்து இருபது நிமிட நடைதான், ஆனால் நான் அவரைக் கண்டதே இல்லை. என் புத்தகத்தில் அவர் ‘லூயிஷாம் மூன்றாம் மாடி’. கிழமைக்கு இரண்டு தரமாவது எடுப்பார்.

"பிள்ளை, படம் கட்டம் கட்டமா வருது."

"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ ஐயா."

"ஆ, இப்ப வந்திட்டுது. எப்பிடிப் பிள்ளை செய்தனீங்கள்? அது சரி, மத்தியானம் என்ன சாப்பாடு?"

இப்படித்தான். அவருடைய ரீவி என் குரலைக் கேட்டாலே சரியாகிவிடும். செந்தில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றே கேட்பான், "என்னக்கா, இன்னைக்கு உங்க ஆளு கூப்பிட்டாரா?" இருவரும் சிரிப்போம்.

ஒரு வருடம் தை மாதத்தில் ஒரு கிழமை லண்டன் அப்படியே நின்றுபோனது. ரயில் இல்லை, பஸ் ஒன்றிரண்டு. நான் என் வீடு இருக்கிற மோர்டனிலிருந்து போக வழியில்லாமல் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சினேகிதி வீட்டில் தங்கி நின்று வேலைக்குப் போனேன். காலை எட்டு மணிக்கே ரெலிபோன் அலறத் தொடங்கும். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு, எல்லாருக்கும் நான் சொன்னது ஒரே பதில். பனிக்குள் ஏணி வைக்க முடியாது. அதற்கு முந்திய வருடம் ஒருவர் பனியைக் கூட்டித் தள்ளத் தும்புத்தடியோடு ஏறி, விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இன்னொருவர் கொதிதண்ணீரை ஊற்ற, அது டிஷ்ஷிலேயே உறைந்து கட்டியாகி, தட்டே வளைந்துபோனது. ஆகவே நான் ஒரு மந்திரம் வைத்திருந்தேன்: ஒன்றிலும் கை வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பனி கரைந்தால் தானாக வரும். புத்தகத்தில் பெயருக்கு நேரே ‘ப’ என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போவேன். ப என்றால் பனி. ப போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிபோல லூயிஷாம் ஐயா எடுத்தார்.

"பிள்ளை, விறைச்சுப் போச்சு."

இந்தச் சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டும். குளிரில் கை கால் மரத்துப்போவதைத்தான் விறைத்துப்போவது என்போம். ஆனால் படம் அசையாமல் நின்றாலும் எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். வெள்ளைக்காரன் ‘பிரீஸ்’ என்பதை யாரோ அப்படித் திருப்பிவிட்டார்கள். என் மேசையில் அது தொழிற்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தக் காலையில் மட்டும் முப்பது பேராவது என்னிடம் அதைச் சொல்லியிருப்பார்கள்.

"பனிக்குத்தான் ஐயா. எல்லா இடமும் இப்பிடித்தான்," என்றேன்.

"பக்கத்து வீட்டு மனிசி சுடுதண்ணி ஊத்தச் சொல்லுறா. ஊத்தட்டோ?"

"ஐயோ, ஊத்தாதேங்கோ! நாசமாப் போயிடும். ஒண்டிலயும் கை வையாதேங்கோ. கரைஞ்சா தானா வரும்."

"அப்ப சரி. பொறுக்கிறன்."

ப போட்டேன்.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் எடுத்தார். குரல் கொஞ்சம் இழுத்தது. அப்போதுதான் நித்திரையால் எழும்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் வரேல்லைப் பிள்ளை. பொறுக்கேலாமக் கிடக்கு."

எனக்கு மற்ற லைனில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு நாள் நாடகம் பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"ரெண்டு நாள் பொறுக்கேலாதோ ஐயா? ஒரு புத்தகத்தை எடுத்துப் படியுங்கோவன்."

"ஓம். படிக்கிறன். உங்களுக்கும் கரைச்சல்தான்," என்றார்.

புதன்கிழமை அவர் எடுக்கவில்லை. எனக்குச் சந்தோசம். எடுக்கவில்லை என்றால் வந்துவிட்டது என்று கணக்கு. ப-வுக்கு மேல் சரி என்று ஒரு கோடு போட்டேன். பிள்ளைகளே, இருபது வருடத்துக்கு மேல் அந்த மேசையில் இருந்து நான் போட்ட கோடுகளில் ஒன்றை அழிக்கலாம் என்றால் அந்த ஒரு கோட்டைத்தான் அழிப்பேன்.

மத்தியானம் செந்தில் வேலை இல்லாமல் ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். என் எழுத்தைப் பகிடி பண்ணுவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"என்னக்கா இது? ‘லூயிஷாம் மூன்றாம் மாடி, விறைச்சுப் போச்சு.’ யாருக்கு விறைச்சுப் போச்சு?"

"படம் தம்பி. ரீவிப் படம் நிண்டுபோச்செண்டா நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. உம்மட மதுரையில சொல்ல மாட்டினமோ?"

"எங்க ஊர்ல ஆளுதான்க்கா விறைச்சுப் போவாங்க. படம் எப்படி விறைக்கும்?" சிரித்தான். பிறகு மறுபடி அந்த வரியைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அக்கா, இவருக்கு எந்த டிவி? அந்த பில்டிங்ல டிஷ் எல்லாம் கழட்டச் சொல்லிட்டாங்களே. ஐப்பசில நான்தானே போய் கழட்டிட்டு வந்தேன். அவருக்கு இப்ப கேபிள்க்கா. கேபிளுக்கும் இந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம்?"

ஐப்பசியில் அவன் அதை என்னிடம் சொல்லியிருந்தான். புத்தகத்தில் மாற்ற நான்தான் மறந்துபோனேன்.

கேபிள் போனால் தெரு முழுக்கப் போகும். அவரைப் போலவே டிஷ்ஷைக் கழற்றிக் கேபிளுக்கு மாறிய எங்கள் ஆட்கள் அங்கே வேறு இரண்டு வீட்டில் இருந்தார்கள், ஒருவரும் எடுத்து முறையிடவில்லை. அவருடைய ரீவியில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியென்றால் எது விறைத்துப்போனது? சுடுதண்ணீர் எதற்கு ஊற்றச் சொன்னார்கள்? செந்திலுக்குத்தான் பொறி தட்டியது. வீட்டைச் சூடாக்குகிற இந்த ஊர்ப் பொயிலர்களுக்கு ஒரு கழிவுக் குழாய் வெளிச்சுவரில் ஓடும். கடுங்குளிரில் அதற்குள் தண்ணீர் உறைந்தால் பொயிலர் நின்றுவிடும், வீடு சில்லிட்டுப்போகும். குழாயில் இளஞ்சூடாகத் தண்ணீர் ஊற்றினால் போதும், உடனே வேலை செய்யும். பக்கத்து வீட்டு மனிசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஊற்ற வேண்டாம் என்று தடுத்தவள் நான்.

ரெலிபோன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை.

"கோயிலுக்கு எங்கயும் போயிருப்பாரோ?" என்றான் செந்தில், அவனே நம்பாமல்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். அம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் போய்க் கதவைத் தட்ட, ஐயா சாரம் கட்டியபடி வந்து திறந்தால் எவ்வளவு வெட்கக்கேடு என்று நினைத்தேன். இந்தப் பனியில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், ஒரு ரீவிக் கம்பனிக்காரி சும்மா அலைக்கழித்தாள் என்று சொல்வார்களே என்றும் நினைத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை உங்களில் யாரும் எடுக்க வேண்டாம். வெட்கம் வந்தால் வரட்டும்.

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். அவருக்கு என்ன நடந்தது என்று ரெலிபோனை எடுத்த பெண் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் அன்றைக்கு வாயில் வந்தது, "நான் அவரைப் பொறுக்கச் சொன்னேன்" என்பதுதான். அவளுக்கு விளங்கவில்லை. செந்தில் ரெலிபோனைப் பறித்து, வயதானவர், தனி ஆள், மூன்று நாளாக ஹீற்றிங் இல்லை, கூப்பிட்டால் எடுக்கிறார் இல்லை என்று ஒழுங்காகச் சொன்னான்.

இருவரும் நடந்தோம். என் காலில் அலுவலகச் சப்பாத்து. இரண்டு தரம் வழுக்க, செந்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் இருக்காதுக்கா, ஒண்ணும் இருக்காது," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

நாங்கள் போனபோது அம்புலன்ஸ்காரர்கள் கதவை நெம்பித் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே போனதும் முதலில் நான் பார்த்தது ரீவியைத்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தார். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி, ஒரு கோடு இல்லாத அவ்வளவு துப்புரவான படம்.

அதற்கு முன்னால் கதிரையில் இருந்தார். மூன்று கோட்டு, தலையில் துவாய், கைகளுக்குக் காலுறை. மடியில் ஒரு புத்தகம் விரித்தபடி. குசினி மேசையில் கேத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது, தொட்டால் சில்லென்று. சுட வைத்திருக்கிறார். பிறகு நான் சொன்னேன் என்பதற்காக ஊற்றாமல் விட்டிருக்கிறார். உதடு நீலம். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"ஐயா," என்றேன்.

குரலை அடையாளம் கண்டுகொண்டார். வாய் சரியாக வரவில்லை.

"பிள்ளையோ... நீங்கள் சொன்னபடி... ஒண்டிலயும் கை வைக்கேல்லை."

நான் அந்தக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிற்பாடு விசாரித்ததில், வீட்டுச் சொந்தக்காரருடைய அலுவலகத்துக்கும் எடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று மெசின் கதைத்திருக்கிறது, வைத்துவிட்டாராம். மகளுக்குச் சொல்லவில்லை, கவலைப்படுவாள் என்று. ஸ்டிக்கரில் இருந்த என்னைத்தான் நம்பினார்.

அவரைக் கொண்டு போனபிறகு செந்தில் அதே கேத்தலைச் சூடாக்கி, பால்கனியில் போய்க் குழாயில் ஊற்றினான். பத்து நிமிடம் ஆகவில்லை, பொயிலர் வேலை செய்யத் தொடங்கியது. யாரும் இல்லாத வீடு மெல்ல மெல்லச் சூடாகியது.

ஐயா தப்பிவிட்டார். இன்னும் ஒரு இரவு தாங்கியிருக்க மாட்டார் என்று அம்புலன்ஸ் பெண் சொன்னாள். கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. ரீவிக் கம்பனிக்கும் பொயிலருக்கும் என்ன என்று முதலாளி கேட்டார். கேட்கலாம்.

உங்கள் கொம்பியூட்டரில் முறைப்பாடு எழுதுகிற பக்கத்தில் முதல் கட்டம் ‘எது?’ என்று இருக்கிறதல்லவா? ரீவிக் கம்பனிக்கு எடுக்கிறவர் ரீவியைப் பற்றித்தான் சொல்வார், இதற்கு ஏன் ஒரு கட்டம் என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் செந்தில் சொன்னான். அந்தக் கட்டம் அடுத்த நாள் என் புத்தகத்தில் நான் அடிமட்டம் வைத்துக் கீறியது. எங்கள் தமிழில் எது என்று சொல்லாமலே முழு வசனம் பேசிவிடலாம். விறைச்சுப் போச்சு, வரேல்லை, பொறுக்கேலாது. சொல்கிறவருக்கு எது என்று தெரியும். கேட்கிறவளும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததுக்குத் தாவாதீர்கள். இரண்டு நாள் எடுத்தவர் மூன்றாம் நாள் எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொரு பிழையும் உண்டு, அதைச் செந்திலுக்கே தெரியாது.

பங்குனியில் ஐயா ஒரு தரம் எடுத்தார். அவரை வெஸ்ட் ஈலிங்கில், வயதானவர்கள் இருக்கிற ஒரு இடத்தில் விட்டிருந்தார்கள். "இஞ்ச நல்ல சூடு பிள்ளை. கேபிள். படமும் வடிவா வருது," என்றார். சரி ஐயா, பிறகு என்ன பிரச்சினை என்று கேட்டேன். "பிரச்சினை ஒண்டுமில்லை. சொல்லத்தான் எடுத்தனான். மத்தியானம் என்ன சாப்பாடு?" என்றார். அன்றைக்கு மழைக் காற்று, இரண்டு டிஷ் திரும்பிப்போய் ஆட்கள் லைனில் நின்றார்கள். "லைன்ல ஆக்கள் நிக்கினம் ஐயா, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டேன். நான் எடுக்கவில்லை. அவரும் பிறகு எடுக்கவே இல்லை. நல்ல படம் வருகிற மனிதருக்கு எங்கள் கம்பனிக்கு எடுக்க என்ன சாட்டு இருக்கிறது?

நான் இப்போது மோர்டனில் தனியாகத்தான் இருக்கிறேன். பிரிட்ஜில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது, ஓய்வு பெற்ற அன்று செந்தில் பகிடிக்கு ஒட்டியது. போன கிழமை பனி விழுந்த அன்று மத்தியானம் உங்களில் ஒரு பிள்ளை என்னோடு கதைத்தது. பெயர் கேட்கவில்லை, நல்ல குரல். படம் கட்டம் கட்டமா வருது பிள்ளை என்று சொன்னேன். எந்த ரீவி அம்மா, டிஷ்ஷா கேபிளா, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாக, ஆறுதலாகக் கேட்டது. ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ அம்மா என்றது. ஆ, இப்ப வந்திட்டுது என்றேன். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் லைனில் ஆட்கள் நிற்பார்கள் என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை நீ யாரென்று எனக்குத் தெரியாது. முறைப்பாட்டில் ‘எது’ என்கிற கட்டத்தில் ரீவி என்று எழுதியிருப்பாய். திருத்திவிடு, பிள்ளை. என் ரீவி நன்றாகத்தான் இருந்தது.